அந்தக் கட்டத்தில் 12 என்று எழுதியது யார்?

இலவசக் கடன், சேமிப்புக் கால்குலேட்டர் தளங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது, கடன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என்று ஒரு சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கணினி, வெளியே ஒரு பெஞ்சு. காலையில் அந்தக் கணினியில் முதலில் திறப்பது உங்கள் பக்கங்களில் ஒன்றைத்தான். வீட்டுக் கடன் தவணை, ஆர்.டி. முதிர்வு, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பணம் போடும் எஸ்.ஐ.பி., பென்ஷன் என்று பெஞ்சில் இருப்பவர் எதைக் கேட்டாலும் அரை நிமிடத்தில் விடை வந்துவிடுகிறது. காசு ஒன்றும் நீங்கள் கேட்பதில்லை. முதலில் அதற்கு நன்றி.

முன்பு என் மேசையில் ஒரு வட்டி வாய்ப்பாட்டுப் புத்தகம் கிடக்கும். அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் கை அழுக்குப் படிந்த புத்தகம். லட்சத்துக்கு மாதம் எவ்வளவு என்று வட்டி விகிதம் வாரியாகக் கட்டம் கட்டி அச்சடித்திருப்பார்கள். கடையில் விலை கொடுத்து வாங்கினேன். அத்தோடு அந்தப் புத்தகத்துக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது. எந்த வங்கிக்குப் போ என்று அது சொன்னதில்லை. என் போன் நம்பரையும் கேட்டதில்லை. உங்களோடு எனக்கு இருப்பது அப்படித் தீராத கணக்கு. நான் தராத காசை வேறு யாரோ உங்களுக்குத் தருகிறார்கள்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சரி. ஆனால் அந்த மாட்டை நான் என் வீட்டில் கட்டவில்லையே. என்னை நம்பி வருகிறவர்கள் கொல்லையில் அல்லவா கட்டிவிடுகிறேன்? பல்லைப் பார்க்காமல் எப்படி விடுவது?

பார்க்க ஆரம்பித்தது ஒரு டீச்சரால்தான். வீட்டுக்கு மாடி எடுக்க 8 லட்சம் கடன் வாங்கினால் மாதம் எவ்வளவு வரும் என்று அவர் தன் போனிலேயே ஒரு தளத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாம் நிரப்பிய பிறகு, விடையைக் காட்ட மொபைல் எண் கேட்டது அந்தப் பக்கம். கொடுத்தார். மறுநாளிலிருந்து வகுப்பு நடக்கும்போதெல்லாம் போன். "மேடம், உங்களுக்கு லோன் அப்ரூவ் ஆகியிருக்கு." அவர் கடனே கேட்கவில்லை, கணக்குத்தான் கேட்டார். இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, தெரியாத எண் எதையும் எடுப்பதில்லை என்று விட்டுவிட்டார். அதில் மகளுடைய கல்லூரி விடுதியிலிருந்து வந்த அழைப்பும் போயிற்று. விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் டி.என்.டி. பதிவு போட்டிருக்கலாமே என்றேன். போட்டுத்தான் இருந்தார். ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், 'அழைப்பதற்குச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி. அதில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. அவர் சார்பில் நீங்களே சம்மதம் கொடுத்துவிட்டால் டி.என்.டி. என்ன செய்யும்?

இதில் எனக்கு உறுத்தியது ஒன்று. மாதத் தவணைக் கணக்கு என்பது ஒரே ஒரு சூத்திரம். அசல், வட்டி, மாதங்கள் என்று மூன்று எண் போதும். உங்கள் பக்கங்கள் பலவற்றில் அந்தக் கணக்கு நடப்பது எங்கள் போனுக்குள்ளேயே, பிரவுசரில். உங்கள் சர்வருக்கு அது போக வேண்டிய அவசியம்கூட இல்லை. அப்படியிருக்க, நான்காவதாக ஒரு மொபைல் எண் எதற்கு? கடன் ஏஜென்டுகளிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: லீட். கடன் வாங்கக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரம் என்று அர்த்தம். அந்த எண்ணுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை உண்டு. 8 லட்சம், மாடி எடுக்க, அரசுச் சம்பளம் என்ற விவரமும் சேர்ந்து போனால் விலை கூடும். டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்ததாக நினைத்தார். உண்மையில் தன்னையே விற்பனைக்கு வைத்திருந்தார். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணையத் தில்லுமுல்லுகள் என்று 13 வகையைப் பட்டியலிட்டதே, அதில் கேட்ட சேவைக்குத் தொடர்பே இல்லாத ஒன்றைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் ஒன்று. விடையை மறைத்து வைத்துக்கொண்டு நம்பர் கேட்பதை வேறு எதில் சேர்ப்பது?

எல்லோரும் அப்படி இல்லை என்று தெரியும். உங்களில் பலர் விளம்பரத்தில் மட்டுமே பிழைக்கிறீர்கள். அதன் மீது எனக்குப் புகார் குறைவு. தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2003-இல் வந்தது. விளம்பரம் கொடுப்பவர் தரும் தொகையில் சுமார் 68 சதவீதம் தளத்துக்கு வருகிறது. கடன், காப்பீடு சம்பந்தப்பட்ட பக்கங்களுக்கு விளம்பர விலை அதிகம். ஒரே ஒரு வாடிக்கையாளர் கிடைத்தாலும் 20 வருடம் வட்டி வருமே! சமையல் குறிப்புத் தளம் நடத்துகிறவர் அதே கூட்டத்தை வைத்து அவ்வளவு பார்க்க முடியாது. இதில் உள்ள நல்லது என்னவென்றால், எந்த விளம்பரம் வரப்போகிறது என்று உங்களுக்கும் தெரியாது. யாருக்காகவும் கணக்கை வளைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சங்கடம்: கடன் எவ்வளவு சுமை என்று காட்டும் எண்ணுக்கு நேர் கீழே 'ஐந்தே நிமிடத்தில் பணம்' என்று பச்சைப் பொத்தான் மின்னுகிறது. குறிப்பிட்ட விளம்பரதாரர்களையும் சில வகை விளம்பரங்களையும் தடுக்க உங்களுக்கு வசதி இருக்கிறது. கொஞ்சம் வருமானம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் செய்யலாம்.

அடுத்தது கமிஷன். 'விண்ணப்பிக்க இங்கே' என்ற பொத்தான் வழியாகப் போய் ஒருவர் கடன் வாங்கினால், கொடுத்த தொகையில் ஒரு சிறு பங்கு உங்களுக்கு வருகிறது. மியூச்சுவல் ஃபண்ட் என்றால் அதை விற்றுக் கொடுக்கும் விநியோகஸ்தருக்கு வருடா வருடம் வரும் டிரெயில் கமிஷன். முதலிலேயே மொத்தமாகக் கொடுப்பதை 2018 அக்டோபரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி நிறுத்திவிட்டது. அதனால் பணம் ஃபண்டில் எத்தனை காலம் இருக்கிறதோ அத்தனை காலம் வருமானம். இதுவும் தப்பில்லை. பேருந்து நிலையத்தில் டிக்கெட் ஏஜென்ட் கமிஷன் வாங்குவதில்லையா? தன் பேருந்தை மட்டும் காட்டிவிட்டு 'இந்த ஊருக்கு வேறு வண்டியே இல்லை' என்று அவர் சொல்லும்போதுதான் தப்பு.

இதுவரை சொன்னது உங்களுக்கே தெரிந்த விஷயம். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

கமிஷன் வாங்குகிற தளம் சூத்திரத்தை மாற்றிவிடும் என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். மாற்றாது. 50 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்று எந்தத் தளத்தில் போட்டாலும் 43,391 ரூபாய்தான் வரும். மாற்றினால் அன்றைக்கே மாட்டிக்கொள்வீர்கள். வளைவது சூத்திரத்துக்கு முன்னாலும் பின்னாலும். அதாவது, நாங்கள் எதையும் தொடுவதற்கு முன்பே நீங்கள் நிரப்பி வைத்திருக்கும் எண்ணில். அப்புறம், நீங்கள் கேட்காமலே விட்ட கேள்வியில்.

எஸ்.ஐ.பி. கால்குலேட்டரைத் திறந்தால் 'எதிர்பார்க்கும் வருமானம்' என்ற கட்டத்தில் 12 என்று பெரும்பாலும் எழுதியே இருக்கிறது. என் பெஞ்சில் உட்காருகிறவர்களில் அதை மாற்றிப் பார்க்கிறவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். மாதம் 10,000 வீதம் 20 வருடம் போட்டால் 99,91,479 ரூபாய் என்று வருகிறது. கிட்டத்தட்ட ஒரு கோடி! என்ன பொருத்தம் பாருங்கள். அந்த 12-ஐ 10 ஆக்கினால் 76,56,969. இரண்டே சதவீதத்தில் 23 லட்சம் காணாமல் போகிறது. 12 சதவீதம் கிடைக்கவே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. பங்குச் சந்தையில் அப்படியும் வந்திருக்கிறது, வராமலும் போயிருக்கிறது. அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தது யார் என்றுதான் கேட்கிறேன். கமிஷன் வாங்கும் தளத்தில் அந்தக் கட்டம்தான் உண்மையான விளம்பரம். ஓரத்தில் மின்னுவதை மக்கள் விளம்பரம் என்று அடையாளம் கண்டு ஒதுக்கிவிடுவார்கள். இதை விடை என்று எழுதிக்கொண்டு போகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. அதே 12 சதவீதம், அதே 20 வருடம், அதே 10,000. ஒரு தளத்தில் 99.91 லட்சம், இன்னொன்றில் 91.98 லட்சம். நான் முதலில் தவறாகத் தட்டிவிட்டேனோ என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன். இல்லை. ஒருவர் 12-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 1 சதவீதம் என்று வைத்திருக்கிறார். அப்படி வைத்தால் வருடத்துக்கு 12.68 சதவீதம் ஆகிவிடுகிறது. மற்றவர் வருடத்துக்குச் சரியாக 12 வரும்படி மாதத்துக்கு 0.949 சதவீதம் வைத்திருக்கிறார். எட்டு லட்ச ரூபாய் வித்தியாசம், இரண்டு பக்கத்திலும் ஒரு வரி விளக்கம் இல்லை. எது சரி என்று வாதம் செய்ய நான் வரவில்லை. எதை வைத்துக் கணக்குப் போட்டோம் என்று எழுதுவதற்கு எத்தனை சொல் வேண்டும்?

கேட்காமல் விட்ட கேள்விகள் இன்னும் அதிகம். விலைவாசி 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் 20 வருடம் கழித்து வரும் அந்த 99.91 லட்சத்தின் மதிப்பு இன்றைய பணத்தில் சுமார் 31 லட்சம். இதைச் சொன்னதும் ஒரு பெரியவர் "அட, இதுக்கா இவ்வளவு?" என்று சிரித்தார். இன்னொன்று: 2013 ஜனவரியிலிருந்து மியூச்சுவல் ஃபண்டில் டைரக்ட் பிளான் இருக்கிறது. விநியோகஸ்தருக்குக் கமிஷன் போகாததால் அதில் செலவு குறைவு. செலவு வித்தியாசம் ஒரு சதவீதம் என்று வைத்தால், விநியோகஸ்தர் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானில் 12-க்குப் பதில் 11 சதவீதம். மேலே சொன்ன அதே கணக்கில் 12 லட்சத்துக்கும் மேல் குறைகிறது. டைரக்ட், ரெகுலர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் கால்குலேட்டரை ரெகுலர் பிளான் விற்கிற தளத்தில் நான் பார்த்ததில்லை. வைக்கவும் மாட்டார்கள். எந்தக் கால்குலேட்டர் இருக்கிறது என்பதை விட எது இல்லை என்று பார்த்தால் தளத்துக்குச் சோறு போடுவது யார் என்று தெரிந்துவிடும்.

கடன் பக்கமும் இதே கதைதான். 5 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், 3 வருடம் என்றால் தவணை 17,089. ஆனால் பிராசசிங் கட்டணம் 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடித்துக்கொண்டு கையில் தருவது 4,88,200 தான். அதை வைத்துப் போட்டால் உண்மையான வட்டி சுமார் 15.7 சதவீதம். இந்த எண்ணை, ஏ.பி.ஆர். என்ற பெயரில், கடன் கொடுப்பவர் முக்கிய விவர அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கிவிட்டது. வங்கியே சொல்ல வேண்டிய ஒன்றை நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் நீங்கள் ஏன் சொல்வதில்லை? கட்டணத்துக்கு ஒரு கட்டம் கூடுதலாக வைக்க வேண்டும், அவ்வளவுதானே.

எங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் வண்டிக் கடனையெல்லாம் 'ஃபிளாட்' வட்டியில்தான் பேசுகிறார்கள், அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி. ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம் ஃபிளாட், 3 வருடம்: மாதம் 3,778 கட்ட வேண்டும். குறையும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் அது 21 சதவீத வட்டி. இந்தக் கணக்கைத் தெளிவாகக் காட்டும் பக்கங்கள் உங்களில் சிலரிடம் இருக்கின்றன. அவர்கள் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தைத் திரையைத் திருப்பிக் காட்டி, கையெழுத்துப் போட இருந்த இரண்டு பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே போல் முன்கூட்டிக் கட்டும் கணக்கு. மேலே சொன்ன 50 லட்சக் கடனில் முதல் மாதத்திலிருந்தே 5,000 சேர்த்துக் கட்டினால் 20 வருடக் கடன் பதினைந்தரை வருடத்தில் முடியும், சுமார் 13.9 லட்சம் வட்டி மிச்சம். கடன் வாங்க வைத்தால் காசு, அடைக்க வைத்தால் காசு இல்லை என்ற தொழிலில் இப்படி ஒரு பக்கம் வைத்திருப்பவர் யாருக்காக வேலை பார்க்கிறார் என்று எனக்குப் புரிகிறது.

காசும் பார்த்து நேர்மையாகவும் இருக்க முடியுமா என்றால், இருந்து காட்டியவர்கள் உண்டு. இங்கிலாந்தில் மார்ட்டின் லூயிஸ் 2003-இல் தொடங்கிய மணிசேவிங்எக்ஸ்பர்ட் தளத்தில், காசு வரும் இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். அதே நிறுவனத்துக்குக் காசு வராத இணைப்பையும் சேர்த்தே கொடுப்பார்கள். உனக்கு எது இஷ்டமோ அதில் போ. காசு தராத நிறுவனத்தின் திட்டம் நல்லதாக இருந்தால் அதுவும் பட்டியலில் இருக்கும். இப்படி நடத்தி நொடித்துப் போனார்களா? 2012-இல் அந்தத் தளம் கைமாறியபோது பேசிய விலை 8.7 கோடி பவுண்டு வரை. வாங்கியது ஒரு விலை ஒப்பீட்டு நிறுவனம் என்பதால் அப்போது முணுமுணுப்பும் இருந்தது, அது தனிக் கதை.

நம் சென்னையிலேயே, ஐ.ஐ.டி.யில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் பட்டாபிராமன் ஃப்ரீஃபின்கால் என்ற தளத்தை நடத்துகிறார். அவர் எக்செல் கால்குலேட்டர்களை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பாடத் திட்டங்களையும் இன்னும் விரிவான கருவியையும் விலைக்கு விற்கிறார். வாங்குகிறவனே காசு கொடுக்கும் பழைய வாய்ப்பாட்டுப் புத்தக வழி அது. எனக்கு அதுதான் பிடிக்கிறது, ஆனால் எல்லோராலும் முடியாது என்பதும் தெரியும்.

மாறாக, அமெரிக்காவில் லென்ட்எடு என்ற தளம் கல்விக் கடன்களை ஒப்பிட்டுத் தரவரிசை போட்டது. பாரபட்சம் இல்லாதது, காசு வாங்கி மாற்றாதது என்று சொல்லிக்கொண்டது. உண்மையில் அதிகம் கொடுத்தவருக்கு மேல் இடம். அங்குள்ள வணிக ஆணையம் 2020-இல் பிடித்தது. மூன்றரை லட்சம் டாலர் கட்டினார்கள். காசு வாங்கியதற்காகப் பிடிக்கவில்லை, வாங்கவில்லை என்று சொன்னதற்காகப் பிடித்தார்கள்.

இங்கேயும் கயிறு இறுகிக்கொண்டுதான் வருகிறது. பல கடன் நிறுவனங்களின் திட்டங்களைக் காட்டும் சேவையாளர்கள், பொருந்தும் எல்லாத் திட்டத்தையும் காட்ட வேண்டும், ஒன்றை மட்டும் தூக்கிப் பிடிக்கக் கூடாது, ஏ.பி.ஆர். தெரிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 மே மாதம் சொல்லி, நவம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. 'நான் கடன் முகவர் இல்லை, வெறும் கால்குலேட்டர்தான்' என்று உங்களில் சிலர் நழுவலாம். நழுவாதீர்கள். மார்க்கெட்டில் கத்தரிக்காய் நிறுக்கிற தராசுக்கே வந்து முத்திரை பார்க்கிறார்கள். 50 லட்சத்தை நிறுக்கிற உங்கள் பக்கத்துக்கு யாரும் வருவதில்லை. வருவதற்கு முன்னால் நீங்களே கொஞ்சம் சரிசெய்துகொள்ளலாம்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. 'எங்களுக்குக் காசு எப்படி வருகிறது' என்று நாலு வரி, தமிழிலும், விடை தெரிகிற அதே பக்கத்தில் இருக்கட்டும். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தின் அடியில் புதைக்க வேண்டாம். வருமானக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அல்லது 8, 10, 12 மூன்றுக்கும் விடையைச் சேர்த்துக் காட்டுங்கள். போன் நம்பர் கேட்பதானால் விடையைக் காட்டிய பிறகு கேளுங்கள், யாருக்குப் போகும் என்று சொல்லிவிட்டு. இதில் எதற்கும் செலவு கிடையாது. வருமானம்தான் கொஞ்சம் குறையலாம். அதற்கு ஈடாக வருடம் 300 ரூபாய் கேட்டால் என்னைப் போல அலுவலகம் வைத்திருப்பவர்கள் கொடுக்க மாட்டார்களா? கேட்டுத்தான் பாருங்களேன். நான் முதல் ஆள்.

அப்புறம், இரண்டு சின்ன விஷயம், இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலருடைய கடன் கால்குலேட்டரில் தொகையைக் கூட்டிக் குறைக்க இழுக்கும் கோடு ஒரு லட்சத்தில்தான் ஆரம்பிக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தையல் மெஷினுக்கு 40,000, கறவை மாட்டுக்கு 60,000 என்று வாங்குகிறவர்கள். அதைக் கீழே இறக்கிவிடுங்கள். இன்னொன்று, கமா. மொத்தம் கட்டுவது 10,413,879 என்று வெளிநாட்டு வழக்கத்தில் காட்டினால் பெஞ்சில் இருப்பவர் பத்து லட்சமா, கோடியா என்று என் முகத்தைப் பார்க்கிறார். 1,04,13,879 என்று போட்டால் அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து, தினமும் உங்கள் பக்கத்தைத் திறக்கிற ஒருவன்